இன்டெல் பாணியிலேயே எழுதவிடுங்கள்

பொறியியல் கல்லூரி லேபில் சி மொழி சொல்லிக்கொடுப்பவன் என்ற முறையில் பாடத்திட்டம் வகுப்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன். சி நிரலுக்குள் அசெம்பிளி வரிகளைச் சேர்க்கும் மாணவர்களை முதலில் இன்டெல் பாணியில் எழுதவிடுங்கள்.

1978இல் வந்த 8086 சிப்பை நம் பிள்ளைகள் அந்தப் பாணியில்தான் படிக்கிறார்கள். 'மூவ் ஏஎக்ஸ், 5' என்றால் ஏஎக்ஸ் ரெஜிஸ்டருக்குள் 5 போகும். சேருமிடம் முதலில், மதிப்பு பிறகு. இன்டெல் நிறுவனத்தின் கையேடுகளிலும் இதே வரிசைதான். லினக்ஸில் ஜிசிசி கம்பைலருக்கு வந்ததும் எல்லாம் தலைகீழாகிறது. யுனிக்ஸ் வழிவந்த ஏடி அண்ட் டி பாணியில் மதிப்பு முன்னால், சேருமிடம் பின்னால். எண்ணுக்கு டாலர் குறி, ரெஜிஸ்டருக்குச் சதவீதக் குறி வேறு.

குறிகளைப் பழகிவிடலாம், வரிசைதான் ஆளைக் கவிழ்க்கிறது. 'சிஎம்பி ஏஎக்ஸ், பிஎக்ஸ்' என்று எழுதி, அடுத்த வரியில் 'ஜேஜி' போட்டால், ஏஎக்ஸ் பெரிதானால் தாவு என்று பொருள். ஏடி அண்ட் டி பாணியில் பிஎக்ஸை முன்னால் எழுத வேண்டும். 'ஜேஜி' மட்டும் மாறாது. பழைய வரிசையிலேயே எழுதிய என் மாணவி ஒருத்தியின் நிரல், ஏறுவரிசையில் அடுக்க வேண்டிய எண்களை இறங்குவரிசையில் அடுக்கியது. கம்பைலர் ஒரு பிழைகூடக் காட்டவில்லை.

தீர்வு ஜிசிசியிலேயே இருக்கிறது. கம்பைல் செய்யும்போது இன்டெல் பாணி வேண்டும் என்று ஆப்ஷன் கொடுத்தால் போதும். கம்பைலர் தானாக நிரப்பும் ரெஜிஸ்டர் பெயர்களும் அதே பாணிக்கு மாறிவிடும். அதை விட்டு, அசெம்பிளி வரிகளுக்கு நடுவில் மட்டும் பாணியை மாற்றிவிட்டுத் திருப்பி வைக்காமல் விட்டால், கம்பைலர் அதன் பிறகு எழுதும் வரிகளை அசெம்பிளரால் படிக்க முடியாது. அந்தக் குறுக்குவழியைச் சொல்லிக்கொடுக்கவே கூடாது.

லினக்ஸ் கெர்னலில் ஏடி அண்ட் டி பாணிதானே என்று சக ஆசிரியர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். அதையும் கற்பிப்போம், இரண்டாவதாக. நெளிவு அடைப்புக்குள் இரண்டு பாணியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுத ஜிசிசி இடம் கொடுக்கிறது. கடைசிப் பயிற்சியாக அதை வைக்கலாம். சிப்பின் கையேட்டை விரித்து வைத்து, தன் நிரலை வரிக்கு வரி தானே சரிபார்க்கத் தெரிந்த மாணவருக்கு இன்னொரு பாணி பாரமாக இருக்காது.