சீரோடு வந்த கரண்ட் பில்

(மூன்றாமாண்டு மின்னியல் மாணவன்)

மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று பேரவைச் செயலாளர் கேட்டபோது, கவிதை எழுதலாமா என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் கவிதைக்கு நமது மலரில் என்றுமே பஞ்சம் இருந்ததில்லை! எனவே ஒரு ஃபிரிட்ஜைப் பற்றி எழுதுகிறேன்.

போன வருஷம் எங்க அக்காவுக்குக் கல்யாணம். சீர் சாமான் வாங்க அப்பா, அம்மா, பெரியப்பா, நான் நாலு பேரும் கடைக்குப் போனோம். அப்பாவின் சட்டைப் பையில் இருந்தது கடன் வாங்கிய பணம். ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜ் ஒன்று, 180 லிட்டர், ஐந்து ஸ்டார், பதினேழாயிரத்துச் சொச்சம். பக்கத்திலேயே இரட்டைக் கதவு, 250 லிட்டர், இரண்டு ஸ்டார், இருபத்தைந்தாயிரம். "ரெண்டு பேருக்கு இந்தச் சின்னதே போதுமே பெரியப்பா" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "டேய், மண்டபத்துல சீர்வரிசையோட வெச்சா நாலு பேர் பார்க்க வேண்டாமா? ஒத்தக் கதவைக் கொண்டுபோய் எறக்கினா சம்பந்தி வீட்டுல என்ன நெனைப்பாங்க?" அத்தோடு பேச்சு முடிந்தது. டிப்ளமோ படிக்கிற பையன் சொல் கடைத்தெருவில் செல்லுமா என்ன!

மண்டபத்தில் நாலு பேர் பார்த்தார்கள். உண்மைதான். ஒரு நாள் பார்த்தார்கள்.

இப்போது அக்காவும் மாமாவும் வாடகை வீட்டில் இருக்கிறார்கள். வீட்டுக்காரர் தனியாக ஒரு சப்-மீட்டர் மாட்டி, யூனிட்டுக்கு ஒன்பது ரூபாய் என்று வாங்குகிறார். முதல் நூறு யூனிட் இலவசம் என்ற பேச்செல்லாம் அந்தப் படியேறி வருவதில்லை. நான் போனபோது ராத்திரி பத்து மணிக்கு அக்கா ஃபிரிட்ஜ் சுவிட்சை அணைத்தாள். "ஏன்க்கா?" என்றேன். "ராத்திரியில யாருடா தெறக்கப் போறா? மிச்சம் புடிச்சா ஆச்சு" என்றாள். மறுநாள் காலையில் இட்லி மாவு பொங்கி வழிந்து புளித்திருந்தது. மாமா ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போனார். எனக்குத்தான் தொண்டையில் இறங்கவில்லை.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். ராத்திரி அணைப்பதால் பெரிதாக எதுவும் மிச்சமாகாது. உள்ளே ஏறிய சூட்டை வெளியேற்ற, காலையில் கம்ப்ரஸர் மூச்சு முட்ட ஓடும். பாலும் மாவும் கெட்டதுதான் மிச்சம்.

அந்த இரண்டு ஃபிரிட்ஜின் ஸ்டிக்கரையும் கடையிலேயே நான் குறித்து வைத்திருந்தேன். சின்னது வருஷத்துக்கு 120 யூனிட். பெரியது 250 யூனிட். ஒன்பது ரூபாய் கணக்கில் சின்னதற்கு 1080 ரூபாய், பெரியதற்கு 2250 ரூபாய். மாதம் ஏறக்குறைய நூறு ரூபாய் வித்தியாசம். பத்து வருஷம் ஓடினால்? 11,700 ரூபாய்! வாங்கும்போதே அதிகம் கொடுத்த எட்டாயிரம் தனி. கடையில் பெருமை வாங்கியவர் பெரியப்பா, கடன் அப்பாவுக்கு, மாதா மாதம் கட்டுவது அக்கா. தேர்ந்தெடுக்கிறவர் ஒருவர், பில் கட்டுகிறவர் இன்னொருவர் என்றால் கணக்கு எப்படி நேராகும்? சீர் கொடுக்கும் வழக்கம் நல்லதா கெட்டதா என்ற பட்டிமன்றத்துக்கு நான் வரவில்லை. கொடுப்பதாக இருந்தால், யார் வீட்டு மீட்டரில் ஓடப் போகிறதோ அவரைக் கேட்டுவிட்டுக் கொடுங்கள் என்கிறேன். எங்கள் வீட்டில் அக்காவைக் கேட்கவே இல்லை. கலர் மட்டும் கேட்டார்கள்.

ஸ்டார் ஸ்டிக்கர் 2006-ல் வந்தது. ஏ.சி.க்கும் இரட்டைக் கதவு ஃபிரிட்ஜுக்கும் 2010-ல் கட்டாயமானது. நம்மில் பலர் நட்சத்திரத்தை எண்ணுவதோடு நிறுத்திவிடுகிறோம். நட்சத்திரம் ஒரே அளவு சாமான்களுக்குள் நடக்கும் போட்டி மட்டுமே. பெரிய சாமானின் ஐந்து ஸ்டாரும் சின்ன சாமானின் ஐந்து ஸ்டாரும் ஒன்றல்ல. அளவுகோலையும் சில வருஷத்துக்கு ஒரு முறை இறுக்கிவிடுகிறார்கள். பழைய சரக்கின் ஐந்து, புதுக் கணக்கில் நாலோ மூன்றோ ஆகிவிடும். ஸ்டிக்கரில் எந்த வருஷத்துக் கணக்கு என்று போட்டிருக்கும், பாருங்கள். அதைவிட முக்கியம், அங்கே அச்சிட்டிருக்கும் யூனிட் எண். பணமாக மாறுவது அந்த எண்தான்.

சரி, அதை எந்த விலையால் பெருக்குவது? இங்கேதான் எல்லோரும் சறுக்குகிறார்கள். நம் தமிழ்நாட்டு மின்கட்டணம் படிக்கட்டு மாதிரி. 2022 செப்டம்பரில் வந்த பட்டியலையே எடுத்துக்கொள்வோம். இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் ஓடினால் 1725 ரூபாய். 501 ஓடினால் 1958 ரூபாய்! ஒரே ஒரு யூனிட்டுக்கு 233 ரூபாய். ஐந்நூறைத் தாண்டியதும், இரண்டாவது நூறுக்குக் கிடைத்த சலுகை பறிபோய்விடுகிறது. அதனால் வரும் அடி.

ஒரு வீட்டில் இரண்டு மாதத்துக்கு 380 யூனிட் ஓடுகிறது, பில் 1035 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கோடைக்கு ஒன்றரை டன் ஏ.சி. வாங்குகிறார்கள். இரவு எட்டு மணி நேரம், ஐந்து யூனிட், அறுபது இரவு. மொத்தம் 300 யூனிட். "யூனிட் நாலரை ரூபாதானே சார், ஆயிரத்து முந்நூத்தம்பதுக்குள்ள முடிஞ்சிடும்" என்பார் கடைக்காரர். முடியுமா? 680 யூனிட்டுக்கு பில் 3470 ரூபாய். ஏ.சி.யின் பங்கு மட்டும் 2435. யூனிட்டுக்கு எட்டு ரூபாய்க்கு மேல்! காரணம் எளிது. ஏற்கெனவே ஓடுகிற விளக்கும் விசிறியும் கீழ்ப்படிகளைப் பிடித்துக்கொண்டன. புதிதாக வந்த சாமான் மேல்படியில் போய் நிற்கிறது. எனவே புதுச் சாமான் வாங்கும்போது உங்கள் சராசரி யூனிட் விலையால் பெருக்காதீர்கள், கடைசிப் படியின் விலையால் பெருக்குங்கள்.

அப்படியானால் ஐந்து ஸ்டார்தான் வாங்க வேண்டுமா? இல்லை! விளம்பரக்காரர்களோடு எனக்குச் சண்டை இதில்தான். ஏ.சி. ஸ்டிக்கரில் உள்ள எண், வருஷத்துக்கு 1600 மணி நேரம் ஓடும் என்ற கணக்கில் போட்டது. அதாவது எட்டு மணி நேரம் வீதம் 200 நாள். மூன்று ஸ்டார் 1000 யூனிட், ஐந்து ஸ்டார் 750 யூனிட், விலையில் எட்டாயிரம் வித்தியாசம் என்று கொண்டால், 200 நாள் ஓட்டுகிற வீட்டில் எட்டு ரூபாய் வீதம் வருஷம் 2000 மிச்சம். நாலு வருஷத்தில் போட்டது திரும்பிவிடும். ஆனால் ஏப்ரல், மே மட்டும் ஓட்டுகிற நம் உதாரண வீட்டில் மிச்சம் 675 ரூபாய்தான். எட்டாயிரம் திரும்ப பன்னிரண்டு வருஷம் ஆகும். அதற்குள் ஏ.சி. நமக்கு டாட்டா சொல்லிவிடாதா? அந்த வீட்டுக்கு மூன்று ஸ்டாரே சரி. விசிறியைச் சுழலவிட்டு, 24-க்குப் பதில் 26-ல் வைத்தாலே போதும். ஒரு டிகிரி ஏற்றினால் ஆறு சதவீதம் வரை குறையும் என்பது எரிசக்தித் திறன் பணியகம் சொல்லும் கணக்கு.

வாஷிங் மெஷினில் மோட்டார் தின்பது கொஞ்சம்தான். வெந்நீர்ப் பொத்தானை அழுத்தாமல் இருந்தால் அதைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். வட்டியில்லாத் தவணையைப் பற்றி ஒரு வார்த்தை. 2013-ல் ரிசர்வ் வங்கியே, இத்தகைய திட்டங்களில் வட்டி வேறு பெயரில் ஒளிந்திருக்கிறது என்று வங்கிகளைக் கண்டித்தது. ரொக்கம் கொடுத்தால் எவ்வளவு குறைப்பீர்கள் என்று கேளுங்கள். ஒளிந்திருப்பது வெளியே வரும்.

பழைய ஃபிரிட்ஜை சும்மா கொடுக்கிறார்கள் என்று வாங்கிப் போகிறவர்களைப் பார்த்தால்தான் எனக்குப் பயம். அது எவ்வளவு தின்கிறது என்று கண்டுபிடிக்க லேப் வேண்டியதில்லை. மீட்டரில் ஒரு சிவப்புப் பொட்டு மினுக்கும், கவனித்திருக்கிறீர்களா? பக்கத்திலேயே ஒரு யூனிட்டுக்கு எத்தனை மினுக்கு என்று அச்சிட்டிருக்கும். பல மீட்டர்களில் 3200. வீட்டில் மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, ஃபிரிட்ஜ் ஓடும்போது எண்ணுங்கள். ஆறு நிமிஷத்தில் 32 மினுக்கு என்றால் 100 வாட். பிறகு ஒரு மணி நேரத்தில் எத்தனை நிமிஷம் ஓடுகிறது, எத்தனை நிமிஷம் ஓய்கிறது என்று பாருங்கள். இதைவிடச் சுலபமான பிராக்டிகல் நம் ரெக்கார்டு நோட்டிலேயே கிடையாது!

அக்கா வீட்டில் நானும் மாமாவும் அப்படித்தான் உட்கார்ந்து எண்ணினோம். ஃபிரிட்ஜ் ஒரு மணி நேரத்தில் ஐம்பது நிமிஷம் ஓடியது. கதவு ரப்பரில் பத்து ரூபாய் நோட்டை வைத்து மூடி இழுத்தால் வழுக்கிக்கொண்டு வந்தது. முதுகு சுவரோடு ஒட்டியிருந்தது, சூடு போக வழியில்லை. ஒரு சாண் முன்னால் இழுத்து வைத்து, ரப்பரை வெந்நீரில் துடைத்துச் சரி செய்தோம். அடுத்த முறை எண்ணியபோது முப்பத்தைந்து நிமிஷம். "இனிமே ராத்திரி அணைக்காதேக்கா" என்றேன். சிரித்தாள்.

தை மாதம் பெரியப்பா மகளுக்குக் கல்யாணம். கடைக்கு என்னையும் கூப்பிட்டிருக்கிறார். தங்கச்சியையும் அழைத்து வருவதாக இருந்தால் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். "அவ எதுக்குடா?" என்றார். இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.