24 வோல்ட்தானே என்று சொல்லும் என் மாணவர்களுக்கு

கொஞ்சம் நீளமான பதிவு. கோபத்தில் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் என் தங்கை மகனின் பழைய லாரி மல்லாட்டை மூட்டை இறக்கிவிட்டுச் செங்கம் வழியாகத் திரும்பி வந்தது. இரவு ஒன்றரை மணி. டேஷ்போர்டு அடியிலிருந்து புகை. டிரைவர் ஓரம் கட்டி, சீட்டைத் தூக்கி ஸ்பானரைத் தேடி, கீழே குதித்து பேட்டரி லக்கைக் கழற்றுவதற்குள் பின் பெர்த்தில் தூங்கிய கிளீனர் பையனுக்கு இருமல் வந்து எழுந்துவிட்டான். அந்த இருமல்தான் அவனைக் காப்பாற்றியது. மரக் கேபின், ரெக்ஸின், ஃபோம் மெத்தை. இன்னும் ஐந்து நிமிடம் போயிருந்தால் நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன், அந்தப் பையன் வீட்டுத் திண்ணையில் தலை குனிந்து உட்கார்ந்திருப்பேன்.

இதைச் சொன்னதும் என்னிடம் பத்தாம் வகுப்பு படித்த ஒருவன், இன்று மூன்று லாரிக்குச் சொந்தக்காரன், போனில் சொன்னான்: "சார், 24 வோல்ட்தானே சார். கை வைத்தாலும் ஷாக் அடிக்காது."

டேய், உனக்கு நான் என்னதான் சொல்லிக் கொடுத்தேன்?

ஷாக் அடிப்பதற்கு வோல்ட் வேண்டும், சரி. தீப்பிடிப்பதற்கு வேண்டியது ஆம்பியர். ஹெட்லைட் இரண்டும் 70 வாட் என்றால் 140 வாட். 24ஆல் வகுத்தால் ஆறு ஆம்பியர் கூட வராது. வண்டி வந்தபோது அதற்கேற்ற ஒயரைத்தான் போட்டார்கள். நீ என்ன செய்தாய்? தீபத்துக்குக் கிரிவலப் பாதையில் அன்னதானம் போட வண்டியைக் கொண்டுபோனபோது முன்னால் இன்னும் நான்கு 70 வாட் லைட்டை அதே ஒயரில் முறுக்கி டேப் சுற்றினாய். இப்போது 17.5 ஆம்பியர். கரண்ட் மூன்று மடங்கு. வெப்பம் மூன்று மடங்கு அல்ல, ஒன்பது மடங்கு. ஐ ஸ்கொயர் ஆர். இந்தக் கணக்குக்கு நீ ஐந்து மார்க் வாங்கினாய், எனக்கு நினைவிருக்கிறது.

கையால் முறுக்கிய அந்த ஜாயின்ட் கொஞ்ச நாளில் தளர்ந்து பச்சை பூத்து, பத்தில் ஒரு ஓம் தடை வந்துவிட்டது என்று வை. அந்த ஒரு இடத்தில் மட்டும் 30 வாட் சூடு. ரேடியோ ரிப்பேர் கடையில் ஈயம் உருக்கும் சால்டரிங் அயர்ன் 25 வாட். அதைப் பற்றவைத்து மெத்தைக்கு அடியில் சொருகிவிட்டுத் தூங்குவாயா? அதைத்தான் செய்கிறாய். 12 வோல்ட் வண்டியில் இதே வாட்டுக்குக் கரண்ட் இரண்டு மடங்கு. வோல்ட் குறைவு என்பதால் ஆபத்து குறைவு என்கிறவன் கணக்கைத் தலைகீழாகப் போடுகிறான்.

2022 ஏப்ரல் 27 அன்று தஞ்சாவூர் பக்கம் களிமேட்டில் தேர் உயர் அழுத்தக் கம்பியில் பட்டு 11 பேர் இறந்தார்கள். அதன் பிறகு சப்பரம் கட்டுகிறவர்கள் எல்லோரும் தலைக்கு மேலே பார்க்கக் கற்றுக்கொண்டோம். நம் ஊரிலும் தேர் வரும்போது மாட வீதிகளில் மின்சாரத்தை நிறுத்துகிறார்கள். நல்லது. டேஷ்போர்டுக்கு அடியில் எப்போது குனிந்து பார்க்கப் போகிறோம்?

நான் குனிந்து பார்த்தேன். பியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் தடித்த செம்புக் கம்பி. "அடிக்கடி பியூஸ் போகுது சார், அதான்" என்றார் டிரைவர். பியூஸ் பல்பைக் காப்பாற்ற இருக்கும் சாமான் அல்ல. ஒயரைக் காப்பாற்ற இருப்பது. அது போகிறதென்றால் எங்கோ தோல் உரிந்து பாடியில் உரசுகிறது என்று அர்த்தம். இத்தனைக்கும் இரண்டு மாதம் முன்புதான் ஒரு பட்டறையில் "ஃபுல் ஒயரிங்" என்று பதினான்காயிரம் வாங்கியிருக்கிறார்கள். பிரித்தால், பழைய ஒயர் மேல் புது டேப். பெயின்டுக்கும் பிளாஸ்டிக் மாலைக்கும் முப்பத்தெட்டாயிரம் கொடுத்த என் மருமகன் இதை ஒருமுறை பிரித்துக் காட்டச் சொல்லவில்லை. எட்டு வருஷத்துக்கு மேற்பட்ட வண்டியை வருஷா வருஷம் எஃப்.சி.க்குக் கொண்டுபோகிறோம். பெயின்ட் அடிக்கிறோம், ஸ்டிக்கர் ஒட்டுகிறோம். வெளியே தெரிவதற்கு மட்டும்தான் நம் செலவு.

இந்த முறை நானே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து செய்யவைத்தேன். முதலில் பேட்டரியில் எர்த் முனையைக் கழற்றினோம். மற்றதை முதலில் கழற்றினால் ஸ்பானர் சேஸிஸில் பட்டுப் பொறி பறக்கும். மாட்டும்போது எர்த் கடைசி. பக்கத்தில் பீடி கூடாது, சார்ஜ் ஆன பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வரும். பழைய ஒயரை முழுக்க உருவி எறிந்தோம். ஹெட்லைட்டுக்குப் பேட்டரியிலிருந்து தனி ஒயர், தனி பியூஸ், நடுவில் ரிலே. அப்போது டேஷ்போர்டு சுவிட்ச் வழியாக அரை ஆம்பியர் கூடப் போகாது. தகடு ஓட்டை ஒவ்வொன்றிலும் ரப்பர் வாஷர். டீசல் பைப்போடு ஒயரைச் சேர்த்துக் கட்டவே இல்லை. எர்த் போல்ட் வரும் இடங்களில் பெயின்டைச் சுரண்டினோம். பிரேக் மிதித்தால் இன்டிகேட்டர் மங்குகிறதா? உன் வண்டியில் எர்த் கெட்டிருக்கிறது, போய்ப் பார்.

இன்னொன்று. பாட்டுப் பெட்டிக்கு 12 வோல்ட் வேண்டும் என்று இரண்டு பேட்டரியில் ஒன்றிலிருந்து மட்டும் எடுக்கிறீர்கள். அந்தப் பேட்டரி இறங்கும், மற்றது அதிகமாகச் சார்ஜ் ஆகிக் கொதிக்கும், கடைசியில் இரண்டும் போகும். கன்வெர்ட்டர் வாங்குங்கள்.

டிரைவர் கைக்கெட்டும் இடத்தில் கட் ஆஃப் சுவிட்சும் வைத்தாயிற்று. சாதாரணமாக இன்ஜின் ஓடும்போது அதைத் திருப்பினால் ஆல்டர்னேட்டர் டயோடு போய்விடும். புகை வந்தால் டயோடைப் பார்க்காதே, திருப்பு. கூடவே ஸ்டாப் கேபிளையும் இழு. இன்ஜின் ஓடும்வரை ஆல்டர்னேட்டர் கரண்ட் கொடுத்துக்கொண்டேயிருக்கும்.

"காசுக்கு எங்கே சார் போவது? டீசல், டோல், டியூ..." என்பீர்கள். பொய்யில்லை, லாரித் தொழிலின் கஷ்டம் எங்கள் வீட்டுக்கும் தெரியும். ஆனால் மருமகனிடம் கேட்டதையே உங்களிடமும் கேட்கிறேன். அந்தக் கேபினில் ராத்திரி தூங்குவது நீயா, மாசச் சம்பளத்துக்கு வந்த அந்தப் பதினெட்டு வயசுப் பையனா? மருமகன் பதில் சொல்லவில்லை. ஒரு வாரம் என்னோடு பேசவும் இல்லை. பரவாயில்லை.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை வண்டி எங்கள் வீட்டு வாசலில்தான் நிற்கும். வண்டி வைத்திருப்பவர்கள் டிரைவரையும் கூட்டிக்கொண்டு வந்து பாருங்கள். யாரிடமாவது மல்டிமீட்டர் இருந்தால் எடுத்து வாருங்கள், என்னுடையதைப் பேரன் பிரித்துப் போட்டுவிட்டான்.