தூத்துக்குடியில் பார்க்க ஒண்ணுமில்லையா? யார் சொன்னது?

மதுரையில் என்கூட பி.காம் படிக்கிற நாலு பேர், ரெண்டு நாள் லீவுக்கு எங்க வீட்டுக்கு வந்திருந்தாங்க. வந்து உட்கார்ந்ததும் கேட்ட முதல் கேள்வி: "மாப்ள, உங்க ஊர்ல பார்க்க என்னடா இருக்கு?" நான் வாயைத் திறக்குறதுக்குள்ள எங்க சித்தப்பா முந்திக்கிட்டார். "இங்க என்னப்பா இருக்கு? மக்ரூன் வாங்கிட்டு நேரா திருச்செந்தூர் போயிருங்க."

எனக்கு வந்த கோபம் நண்பர்கள் மேல இல்லை மக்களே, சித்தப்பா மேலதான். அவர் பிறந்து வளர்ந்ததே இந்த ஊர். அவரே இப்படிச் சொன்னா வெளியூர்க்காரனுக்கு இந்த ஊரைப் பற்றி என்ன தெரியும்? உப்பு தெரியும். 2018 மே மாசத் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் செத்தது தெரியும். அவ்வளவுதான்.

நம்ம ஆட்களுக்கு "பார்க்க வேண்டிய இடம்"னா படகுச் சவாரி இருக்கணும், ராட்டினம் இருக்கணும், செல்ஃபி எடுக்க ஒரு மூலை இருக்கணும். இதெல்லாம் எந்த ஊர்லயும் காசு போட்டா ஆறு மாசத்துல கட்டிடலாம். காசு போட்டாலும் கட்ட முடியாதது எதுவோ, அதைத்தானே வேலை மெனக்கெட்டுப் போய்ப் பார்க்கணும்?

பனிமய மாதா கோவிலை எடுத்துக்குங்க. மாதா சிலை 1555-ல் மணிலாவிலிருந்து கப்பலில் வந்தது. கோவில் 1713-ல் கட்டியது. தங்கத்தேர் வருஷா வருஷம் ஓடாது. 2023-ல் ஓடினப்போ எல்லா மதத்துக்காரங்களும்தான் கூட்டத்துல நின்னோம். நானூத்தி எழுபது வருஷக் கதை பஸ் ஸ்டாண்டிலிருந்து கூப்பிடு தூரத்துல இருக்கு, நாம மக்ரூன் டப்பாவோட தாண்டிப் போறோம்.

அடுத்து உப்பளம். விடியக் காலையில போய்ப் பாருங்க. பாத்தியில் உப்புத்தண்ணியைத் தேக்கி, வெயிலில் காயவிட்டு, படிஞ்ச உப்பை வாரிக் குவிக்கிறாங்க. கண் கூசுற வெளிச்சம், காலை அரிக்கிற தண்ணி. தினமும் தட்டில் போட்டுக்கிற ஒரு சிட்டிகைக்குப் பின்னால எவ்வளவு உழைப்புன்னு புரியும். ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்குங்க. அங்க இருக்கிறவங்க வேலை செய்ய வந்தவங்க, உங்க போட்டோவுக்கு நிற்க வந்தவங்க இல்லை. கேட்டுட்டு கேமராவை எடுங்க.

இனி என் வாதத்தோட முக்கியமான இடம்: பழைய துறைமுகம். பெரிய கப்பல் வர்ற இப்போதைய துறைமுகம் 1974-ல் வந்தது. அதுக்கு முன்னாடி எல்லாம் பழைய கரைதான். இங்கிருந்துதான் வ.உ.சி.யின் சுதேசிக் கப்பல்கள் கொழும்புக்குப் போச்சு.

பள்ளிக்கூடத்துல "கப்பலோட்டிய தமிழன்"னு ஒரு வரியில் முடிச்சிட்டாங்க. காமர்ஸ் படிக்கிற கண்ணோட இதைப் பாருங்க. 1906-ல் சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி பதிவாகுது. மூலதனம் 10 லட்சம் ரூபாய். பங்கு ஒண்ணு 25 ரூபாய், மொத்தம் 40,000 பங்கு. காலியா, லாவோன்னு ரெண்டு கப்பல். அதுவரை இந்த வழியில் கோலோச்சின வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைக் குறைச்சுது. அப்புறம் இலவசமாவே ஏத்திக்கிறோம், குடையும் தர்றோம்னு இறங்கி வந்துதாம். எதிராளியை ஒழிக்கிறதுக்காகவே விலையைத் தரையில் போடுறதைத்தான் நாம 'பிரிடேட்டரி பிரைசிங்'னு மனப்பாடம் பண்றோம். 2002 போட்டிச் சட்டம் அதைத் தப்புன்னு சொல்லுது. அன்னைக்கு அப்படி ஒரு சட்டம் இல்லை, அரசாங்கமும் எதிராளி பக்கம்.

1908-ல் கோரல் மில் வேலைநிறுத்தத்துக்குத் துணை நின்னார் வ.உ.சி. தொழிலாளிகளுக்குக் கூலி உயர்வும் ஞாயிறு விடுமுறையும் கிடைச்சுது. அதே வருஷம் அவருக்குக் கிடைச்சது சிறையும் செக்கும். கம்பெனி மூழ்கிப் போச்சு. காலியா கப்பலைக் கடைசியில் அந்த எதிரிக் கம்பெனிக்கே வித்தாங்க.

இந்தக் கதையை நம்ம நாலு பேருக்கும் அந்தக் கரையில் நின்னு சொன்னேன். செமினாருக்கு அமெரிக்கக் கம்பெனியா தேடிக்கிட்டு இருந்தவன் ஒருத்தன், "இதையே எடுத்துக்கிறேன்டா"ன்னான். மறுநாள் ஒட்டப்பிடாரத்துல வ.உ.சி. பிறந்த இடம், பாஞ்சாலங்குறிச்சி, கொற்கைன்னு சுத்தினோம். பாண்டியர் துறைமுகமா இருந்த கொற்கையில இன்னைக்குக் கடலே கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவு தூரம் விலகிப் போயிடுச்சு.

"கதை சரி, நேர்ல பார்த்தா வெறும் கரைதானே?"ன்னு கேட்பீங்க. நியாயமான கேள்விதான். ஆனா சொல்ற ஆள் இல்லாததால்தான் அது வெறும் கரை. அங்க சொல்ல வேண்டிய ஆள் யாரு? நாமதான்.

நானும் படிப்பு முடிஞ்சதும் வேலைக்குச் சென்னையோ பெங்களூரோ போயிடுவேன். போறது தப்பில்லை. ஆனா ஒண்ணுமில்லாத ஊரை விட்டு வந்தேன்னு சொல்லிக்கிட்டுப் போக நான் தயாரா இல்லை. நீங்களும் உங்க ஊரைப் பற்றி அடுத்தவன் கேட்டா, "ஒண்ணுமில்லை"ங்கிறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் யோசிங்க.

பி.கு: சித்தப்பாவைப் பழைய துறைமுகத்துக்குக் கூப்பிட்டிருக்கேன். மக்ரூன் வாங்கித் தந்தா வர்றாராம் :-)