விருந்தாளி வந்தால் மால் வேண்டாம், மராத்தி நாடகம் போகலாம்

ஊரிலிருந்து யாராவது மும்பைக்கு வந்தால் நாம் போடும் புரோகிராம் எல்லா வீட்டிலும் ஒன்றுதான். முதல் நாள் சித்தி விநாயகர், மகாலட்சுமி. இரண்டாம் நாள் கேட்வே, மரைன் டிரைவ், போகிற வழியில் "அதோ பாருங்க, அதுதான் அம்பானி வீடு". மூன்றாம் நாள் மால். எஸ்கலேட்டரைப் பார்த்துத் தயங்கும் பெரியம்மாவைக் கைப்பிடித்து ஏற்றி, ஃபுட் கோர்ட்டில் ஊர் விலையைப் போல மூன்று மடங்கு கொடுத்து ஒரு தோசை வாங்கித் தந்து, "மும்பை எப்படி?" என்று வேறு கேட்போம். பாவம், அவர்களும் "நல்லா இருக்குப்பா" என்பார்கள்.

அந்த மூன்றாம் நாளைப் பற்றித்தான் இந்தப் பதிவு. மாலுக்குப் பதிலாக காலையில் தாதர் கடைத்தெரு, மத்தியானம் ஒரு மராத்தி நாடகம். இதுதான் என் கட்சி.

ஏன் மால் வேண்டாம்? லோயர் பரேலில் இருக்கும் ஃபீனிக்ஸ் சென்னை வேளச்சேரியிலும் இருக்கிறது. அதே கடைகள், அதே ஏசி. லோயர் பரேலில் அந்த இடம் ஒரு காலத்தில் ஃபீனிக்ஸ் என்ற பஞ்சாலை. 1982 வேலைநிறுத்தத்துக்குப் பிறகு மில்கள் ஒவ்வொன்றாக முடங்கியது, அந்த நிலமெல்லாம் மாலும் டவருமாக மாறியது எல்லாம் பெரிய கதை. ஆனால் மாலுக்குள் போகிற விருந்தாளிக்கு அந்தக் கதையில் ஒரு வரிகூடத் தெரிய வராது.

போன வருடம் கும்பகோணத்திலிருந்து அத்தை வந்திருந்தார். எழுபது வயது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரையும் ஏழாவது படிக்கும் என் மகளையும் கூட்டிக்கொண்டு தாதர் போனேன். ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் மேற்குப் பக்கம் பூ மார்க்கெட். செண்டுமல்லியை மலை மாதிரி குவித்திருந்ததைப் பார்த்ததுமே அத்தைக்கு ஊர் ஞாபகம் வந்துவிட்டது. ராணடே ரோடு பக்கம் ஒரு சேலைக் கடையில் இல்கல் சேலையை விரலால் தடவிப் பார்த்து, "இது பருத்தி, முந்தானை மட்டும் பட்டு" என்று அவரே சொல்லிவிட்டார். கடைக்காரருக்குத் தமிழ் தெரியாது, அத்தைக்கு மராத்தி தெரியாது. விரலைக் காட்டியும் தலையை ஆட்டியும் இருநூறு ரூபாய் குறைத்து வாங்கினார். (எனக்கு மராத்தியில் பேசியும் அம்பது ரூபாய்க்கு மேல் குறைந்ததில்லை.) நவ்வாரி கட்டிய ஒரு பாட்டியைப் பார்த்து, "ஏண்டா தம்பி, இது நம்ம ஊரு ஐயர் வீட்டு மடிசார் மாதிரி இல்ல?" என்றார். பாத்திரக் கடையில் மோதக அச்சு ஒன்று வாங்கினார். பெயர்தான் வேறு, உள்ளே தேங்காயும் வெல்லமும் வைத்த அதே கொழுக்கட்டை.

சாப்பிட்டுவிட்டு மத்தியானக் காட்சிக்கு சிவாஜி மந்திர். பிளாசா தியேட்டருக்கு எதிரே இருக்கும் நாடக அரங்கம், 1965-லிருந்து நடக்கிறது. மராத்தி நாடகத்துக்கு என்று சில சம்பிரதாயங்கள் உண்டு. மூன்று முறை மணி அடிப்பார்கள், மூன்றாவது மணிக்குத் திரை விலகும். இடைவேளையில் படாட்டா வடா தின்னாவிட்டால் நாடகம் பார்த்த கணக்கில் சேராது. நாங்கள் பார்த்தது சாதாரணக் குடும்ப நாடகம்தான். சொத்தைப் பிரிக்கச் சொல்லும் பிள்ளைகள், வாயைத் திறக்காத அப்பா. அத்தைக்கும் எனக்கும் நடுவில் மகள் உட்கார்ந்து காதோடு காதாக மொழிபெயர்த்துக்கொண்டிருந்தாள். இரண்டாவது அங்கத்தில் அத்தை அவளைக் கையமர்த்தி, "நீ சொல்லவே வேணாம், அந்த மூத்த மருமவ பொய் சொல்றா" என்றார். பத்து நிமிடம் கழித்து மேடையில் அது அப்படியே வெளிவந்தது!

இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. நம் பெரியவர்கள் கோயில் திருவிழாவில் விடிய விடியக் கூத்தும் நாடகமும் பார்த்து வளர்ந்தவர்கள். நடிப்பவரின் நடையை வைத்தே ஆளை எடைபோடத் தெரிந்தவர்கள். அவர்களைப் போய் எஸ்கலேட்டரில் ஏற்றிக்கொண்டிருக்கிறோம்.

இன்னொரு விஷயம். தஞ்சாவூர்க்காரர்களுக்கு மராத்தி நாடகம் அந்நியமே இல்லை. 1843-ல் சாங்லியில் விஷ்ணுதாஸ் பாவே நடத்திய 'சீதா ஸ்வயம்வர்' நாடகத்தைத்தான் நவீன மராத்தி நாடகத்தின் தொடக்கம் என்பார்கள். நவம்பர் 5-ஐ மராத்தி அரங்க நாளாகக் கொண்டாடுவதும் அதையொட்டித்தான். ஆனால் அதற்கு நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே தஞ்சையை ஆண்ட ஷாஜி மன்னர் (1684–1712) மராத்தியில் நாடகம் எழுதியிருக்கிறார். பின்னால் வந்த இரண்டாம் சரபோஜி 'தேவேந்திர குறவஞ்சி' என்று மராத்தியில் ஒரு குறவஞ்சியே எழுதினார். அதில் குறத்தி சொல்வது உலக பூகோளம்! நம் குறவஞ்சி வடிவத்தில் அவர்கள் மொழி. அத்தையிடம் இதைச் சொன்னபோது, "சரஸ்வதி மகால் வாசல் வழியாத்தான் எத்தனையோ தடவை போயிருக்கேன், இதை யாரும் சொல்லலையே" என்றார்.

சரி, எதிர்க்கேள்விகளுக்கு வருவோம்.

முதல் கேள்வி, மொழி புரியாதே. அதற்குத்தான் பிள்ளைகள் இருக்கிறார்கள், கடைசியில் சொல்கிறேன்.

இரண்டாவது, செலவு. சாதாரணமாக 300 முதல் 500 ரூபாய்க்குள் டிக்கெட் கிடைக்கும். மாலில் நாலு பேர் சாப்பிடும் பில்லை நினைத்துப் பாருங்கள். சென்னையில் மேடை நாடகம் பெரும்பாலும் சபா உறுப்பினர்களின் சந்தாவை நம்பி வளர்ந்தது. சோ, கிரேஸி மோகன் காலமெல்லாம் போய், பல சபாக்களில் இப்போது நாடகம் பார்க்க வருவது நரைத்த தலைகள்தான். இங்கே ஆபீஸ் போகிற குடும்பங்கள் கவுண்டரில் காசு கொடுத்து டிக்கெட் வாங்கிப் பார்ப்பதால்தான் நாடகம் ஓடுகிறது. நடிகர் பிரசாந்த் தாம்லே 2022 நவம்பரில் தன் 12,500-ஆவது காட்சியை நடத்தினார். எங்கே தெரியுமா? நம் ஆட்கள் கச்சேரி கேட்கக் கட்டிய ஷண்முகானந்தா அரங்கத்தில்!

மூன்றாவது கேள்விதான் கனமானது. யாரும் வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள், ஆனால் பழைய மும்பைத் தமிழ்க் குடும்பங்களின் மனதில் இருக்கிறது. 1966-ல் சிவசேனை தொடங்கிய காலத்தில் தென்னிந்தியர்களுக்கு எதிராக நடந்த பிரசாரத்தையும் உடுப்பி ஹோட்டல்கள் தாக்கப்பட்டதையும் நேரில் பார்த்த தாத்தாக்கள் உண்டு. இன்றும் கடையில், ரயிலில் "மராத்தியில் பேசு" என்று யாராவது மிரட்டும் வீடியோ அவ்வப்போது வாட்ஸாப்பில் வருகிறது. "இவங்க நாடகத்துக்கு நாம ஏன் போகணும்?" என்று ஒரு நண்பர் என்னிடம் நேராகவே கேட்டார்.

அவர் கோபம் எனக்குப் புரிகிறது. மிரட்டுகிறவனுக்காக யாரும் எதையும் கற்க வேண்டியதில்லை. ஆனால் மராத்தி அந்த மிரட்டுகிறவனுடைய சொத்து கிடையாது. விஜய் தெண்டுல்கர் 1972-ல் எழுதிய 'காசிராம் கோத்வால்', 'சகாராம் பைண்டர்' இரண்டுக்கும் இதே மகாராஷ்டிராவில்தான் எதிர்ப்பு கிளம்பியது. அந்த எதிர்ப்பை மீறிப் போய்ப் பார்த்தவர்களும் மராத்திக்காரர்கள்தான். அரங்கத்தில் பக்கத்து சீட்டில் உட்காருவது அப்படிப்பட்டவர்களின் பிள்ளைகள். ஒரு ஊரை மிரட்டல் வீடியோவை வைத்து மட்டும் தெரிந்துகொண்டால், முப்பது வருடம் இருந்தாலும் அங்கே வாடகைக்கு இருக்கிற மாதிரிதான் இருப்போம்.

போக நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள்:

- சனி, ஞாயிறு மராத்திப் பேப்பரில் எந்த அரங்கில் என்ன நாடகம் என்ற விளம்பரங்கள் இருக்கும்.
- முதல் தடவைக்குக் குடும்பக் கதையோ நகைச்சுவையோ நல்லது. சோதனை நாடகம் பிறகு பார்க்கலாம்.
- பெரியவர்கள் இருந்தால் கீழ்த்தளத்தில் ஓரத்து சீட்டாகக் கேட்டு வாங்குங்கள்.
- வாங்கிய சாமான் பை இரண்டுக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். (அத்தையிடம் இது நடக்கவில்லை!)
- நாடகம் முடிந்ததும் மாட்டுங்கா பக்கம்தான். வாழை இலை, முருங்கைக்காய், ஃபில்டர் காபி எல்லாம் அங்கே இருக்கிறது.

இப்போது பிள்ளைகள் விஷயம். 2020 சட்டத்துக்குப் பிறகு மகாராஷ்டிராவில் எல்லாப் பள்ளியிலும் பத்தாவது வரை மராத்தி கட்டாயம். ஆக நம் பிள்ளைகளுக்கு நம்மைவிட நன்றாக மராத்தி வரும். வராதது தமிழ்தான். வீட்டில் நாம் தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் வரும். ஆனால் அன்றைக்கு அரங்கத்தில் அத்தைக்கு இங்கிலீஷ் உதவாது. மகள் ஒவ்வொரு வசனத்துக்கும் தமிழ் வார்த்தை தேடித்தான் ஆக வேண்டும். "உயில்" என்ற சொல் தெரியாமல், "தாத்தா செத்தப்புறம் யாருக்கு என்னன்னு எழுதி வைக்கிற பேப்பர்" என்று சொன்னாள். அத்தை "உயிலுன்னு சொல்லு" என்றார். அதற்கப்புறம் நாடகம் முடிகிற வரை அந்த வார்த்தையைச் சரியாகச் சொன்னாள். வீட்டில் ஞாயிறுதோறும் நான் நடத்தும் தமிழ் வகுப்பில் இவ்வளவு தமிழை அவள் ஒரே மூச்சில் பேசிக் கேட்டதில்லை.