ஓட்டப் பந்தயமும் தலையெழுத்தும்

நமது பள்ளிக்கூடப் பந்தயங்கள் குறுவட்டம், மாவட்டம், மாநிலம் என்று படிப்படியாய் நடைபெறுகின்றன. அங்கே 100 மீட்டர் என்றால் எல்லோருக்கும் 100 மீட்டர்தான். கடிகாரம் எவன் குலத்தையும் விசாரிப்பதில்லை. பிறவியிலேயே உயர்வு தாழ்வு பேசிய ஹிட்லரின் பெர்லினிலேயே, 1936-ல் ஜெஸ்ஸி ஓவன்ஸ் என்னும் கறுப்பர் 4 தங்கப் பதக்கங்கள் பெற்று அந்தப் புரட்டை உடைத்துவிடவில்லையா?

ஆனால் பந்தாட்டத்துக்குப் பேர்போன நமது வியாசர்பாடிப் பிள்ளை ஒருவன் ஓட்டத்தில் பிந்திவிட்டால், “அவன் தலையெழுத்து” என்கிறார்கள். தோழர்களே! ஒருவனுக்கு மைதானமும், பயிற்சியும், பாலும் முட்டையும். மற்றொருவனுக்குச் சந்தும், தார் ரோடும், வெறுங்காலும்! இதை எந்தப் பிரமன் எழுதினான்? மனிதன் செய்த பாகுபாடுதானே இது?

பந்தயத்தன்று எலுமிச்சம்பழம் நறுக்கித் திருஷ்டி கழிப்பதால் கால் வேகமாய் ஓடிவிடாது. பள்ளிக்கு விளையாட்டு மைதானம் வேண்டுமென்று 2009-ம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டமே சொல்லுகிறது. ஆகவே பெற்றோர்கள் பள்ளிக்கூடத்துக்குச் சென்று, “மைதானம் எங்கே? விளையாட்டு நேரத்தை ஏன் கணக்குப் பாடத்துக்குப் பிடுங்கிக் கொள்ளுகிறீர்கள்? பெண் குழந்தைகளை ஏன் ஓட விடவில்லை?” என்று கேட்க வேண்டுகிறோம். மைதானம் வேண்டிக்கொண்டு கிடைப்பதல்ல. கேட்டு வாங்க வேண்டியது.