போர்ப்பணிக்குப் பயணம் என்று பெயர்

ஜெர்மானியருக்கும் தமிழுக்கும் உள்ள உறவைப் பற்றி யாரேனும் பேச எழுந்தால், அவர் என்ன சொல்லப்போகிறார் என்பதைக் கீழே அமர்ந்திருப்பவர்களே முன்கூட்டி எழுதிக் கொடுத்துவிடலாம். 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு; குறளை ஜெர்மன் மொழியில் தந்த கார்ல் கிரவுல்; அங்கிருந்து ஒரே தாவலில் ஹெர்மன் ஹெஸ்ஸே. (ஹெஸ்ஸே 1911இல் இலங்கையையும் சுமத்ராவையும் பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். இந்தியப் பெருநிலத்தில் அவர் பயணம் செய்யவேயில்லை என்பதை எந்த மேடையும் நினைவூட்டுவதில்லை.) நேரமிருந்தால் ஒரகடத்தில் 2012 ஏப்ரலில் டைம்லர் நிறுவனம் திறந்த கனரக வாகன ஆலையையும் சேர்த்துக்கொண்டு, முந்நூறாண்டுக் கலாச்சாரப் பாலம் என்று உரையை முடித்துக்கொள்வார்கள். கைதட்டல், தேநீர்.

இந்தப் பாலத்தின்மேல் பாதிரி நடக்கிறார், பண்டிதர் நடக்கிறார், நாவலாசிரியர் நடக்கிறார், பொறியாளர் நடக்கிறார். கூலிக்குத் துப்பாக்கி தூக்கி வந்த ஜெர்மானியன் மட்டும் நடப்பதில்லை. ஆனால் எண்ணிக்கையில் அவன்தான் அதிகம். 1602இல் தொடங்கிப் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதிவரை டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி ஐரோப்பாவிலிருந்து ஆசியாவுக்குக் கப்பலேற்றியவர்கள் ஏறத்தாழ பத்து லட்சம் பேர். திரும்பிப் போனவர்கள் மூன்றில் ஒரு பங்கினரைச் சற்றே தாண்டுவார்கள். கம்பெனியின் சிப்பாய்களில் பெரும்பகுதி டச்சுக்காரர்களே அல்ல. ஜெர்மன் பேசும் நிலங்களின் ஏழைகள். புலிக்காட்டிலும் சதுரங்கப்பட்டினத்திலும் நாகப்பட்டினத்திலும் யாழ்ப்பாணத்திலும் கோட்டைக் காவல் நின்றவர்களில் இவர்களும் உண்டு. நமது ‘உறவின்’ பெரும்பான்மை இதுதான். அதைப் பேசுவதற்குக் கூச்சம் என்றால், பாலம் என்கிற உருவகத்தையாவது கைவிட்டுவிடலாம்.

இவர்களில் எழுதியவர்களும் இருந்தார்கள். முக்கியமானவர் யோஹான் யாக்கோபு ஸார். (குடும்பப்பெயரை வைத்து அழைத்தால் தமிழில் மேலதிகாரியைக் கூப்பிடுவதுபோல் ஆகிவிடுகிறது. வாழ்நாளெல்லாம் அடுத்தவர் கட்டளைக்குக் கட்டுப்பட்ட மனிதருக்கு இது பொருந்தாது. யாக்கோபு என்றே சொல்கிறேன்.) நியூரம்பர்க் நகரத்தில் 1625இல் பிறந்தார். 1618 முதல் 1648 வரை நீண்ட முப்பதாண்டுப் போரில் அந்நிலம் வெந்துகொண்டிருந்த காலம் அது. 1644இல் ஊரைவிட்டுப் புறப்பட்டு, டச்சுக் கம்பெனியின் சிப்பாயாகப் பதிந்துகொண்டார். ஜாவா, பாண்டா தீவுகள், இலங்கை, பாரசீகம் என்று அலைந்து 1660இல் திரும்பினார். இதில் 1647 முதல் பத்தாண்டுக் காலம் இலங்கையில் கழிந்தது. 1662இல் நியூரம்பர்க்கில் அவர் நூல் அச்சானது.

அந்த நூலின் தலைப்பைக் கவனிக்க வேண்டும் என்பதுதான் இக்கட்டுரையின் ஒரே வற்புறுத்தல். யாக்கோபு அதற்கு வைத்த பெயர், கீழைஇந்தியாவில் பதினைந்தாண்டுப் போர்ப்பணி என்று பொருள்படுவது. ‘பணி’ என்கிறார், சம்பளத்துக்குச் செய்த வேலை. 1672இல் இரண்டாம் பதிப்பு வந்தபோது, தானியேல் வூல்ஃபர் என்கிற நியூரம்பர்க் மதபோதகர் அதற்குள் புகுந்தார். பிற நூல்களிலிருந்து திரட்டிய குறிப்புகளை வாரியிறைத்தார். சிப்பாய் கண்ணால் கண்டது போதாது, படித்தவர்களின் சாட்சியம் பக்கத்தில் நிற்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. பிறகு 1930இல் ஹேக் நகரத்தில் மறுபதிப்பு வந்தது. கம்பெனி ஊழியத்திலிருந்த ஜெர்மானியர்களின் குறிப்புகளை வரிசையாக வெளியிட்ட அந்தப் பதின்மூன்று தொகுதித் திட்டத்தில் யாக்கோபின் நூலுக்கு இடப்பட்ட பெயர், ‘ஜாவா, பாண்டா, இலங்கை, பாரசீகத்துக்குப் பயணம்’. போர்ப்பணி மறைந்தது, பயணம் வந்தது. வேலைக்குப் போனவன் யாத்ரீகனாகிவிட்டான்.

இதை ஏதோ பதிப்பாசிரியரின் சௌகரியம் என்று தள்ளிவிட முடியவில்லை. பயணம் என்ற சொல் போனவனின் விருப்பத்தை முன்வைக்கிறது, அனுப்பியவனை மறைக்கிறது. அக்கால ஆம்ஸ்டர்டாமில் ஆள்பிடிப்பது ஒரு தனித்தொழில். கையில் காசில்லாமல் வந்து சேரும் வெளியூர் இளைஞனுக்கு உணவும் படுக்கையும் கொடுத்து, கப்பல் புறப்படும்வரை அடைத்துவைத்து, கம்பெனியில் சேர்த்துவிடுவார்கள். செலவெல்லாம் அவன் பெயரில் ஒரு கடன்சீட்டாக எழுதப்படும். கம்பெனி அதை அவன் சம்பளத்திலிருந்து பிடித்துச் சீட்டு வைத்திருப்பவனிடம் தரும். பின்னாளில் அச்சீட்டின் வழக்கமான தொகை 150 கில்டர். சாதாரணச் சிப்பாயின் மாதச் சம்பளமோ ஒன்பது கில்டர் அளவில்தான். ஆசியாவில் ஐந்தாண்டு ஒப்பந்தம் என்றால் அதில் ஒன்றரை ஆண்டுக்கு நெருக்கமான உழைப்பு, கப்பலேறும் முன்பே விற்றுப்போய்விட்டது. ஆள் செத்துப்போனால் சீட்டு வெற்றுக் காகிதம் என்பதால், தரகர்கள் அதைக் குறைந்த விலைக்குக் கைமாற்றிவிடுவார்கள். டச்சு மொழியில் சீட்டைக் குறிக்கும் சொல்லும் ஆன்மாவைக் குறிக்கும் சொல்லும் ஒலியில் மிக நெருக்கமானவை. ஊர்மக்கள் இத்தரகர்களை ‘ஆன்மா விற்பவர்கள்’ என்று அழைத்தார்கள். யாக்கோபு இவர்களிடம் சிக்கினாரா என்பதல்ல பேச்சு. அவர் நின்ற வரிசை இப்படித்தான் நிரம்பியது.

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரைக்குமான தொழிற்பட்டியை ஒருமுறை பேருந்தில் கடந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. அங்கே வேலைக்குப் போவதை மக்கள் ‘கம்பெனிக்குப் போகிறேன்’ என்றுதான் சொல்கிறார்கள். கும்பினி என்று நம் முன்னோர் சொன்ன அதே சொல். ஆலையின் பெயர்ப்பலகைக்கும் லைனில் நிற்கும் ஆளுக்கும் நடுவே ஒரு காண்ட்ராக்டர், அவருக்குக் கீழே ஓர் ஏஜென்சி, சம்பளச்சீட்டில் பிடித்தங்கள், விடுதிக் கட்டில். 2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் தொழிற்சாலையின் பெண் தொழிலாளர்கள் பூந்தமல்லி அருகே விடுதி உணவு நஞ்சாகி நூற்றுக்கணக்கில் நோயுற்றபோது, சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை மறித்து அமர்ந்தார்கள். அந்த இரவில்தான் பலருக்கு இப்படியொரு விடுதி வாழ்க்கை இருப்பதே தெரிந்தது. 2006இல் உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா ஆலை 2014 நவம்பரில் மூடப்பட்டது. யாக்கோபின் பணிக்காலத்தில் பாதி. 2024 செப்டம்பர் 9 அன்று சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிலாளர்கள் சங்க அங்கீகாரம் கேட்டுத் தொடங்கிய வேலைநிறுத்தம் முப்பத்தேழு நாட்கள் நீடித்தது. இவையெல்லாம் நாளிதழ்களின் வணிகப் பக்கங்களுக்குப் போய்ச் சேர்ந்தன. சிற்றிதழ்களோ அந்தச் சாலையில் ராமானுஜர் பிறந்த ஊரை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகின்றன.

இதற்கு எதிர்முகாமிலிருந்து வரக்கூடிய மறுப்பையும் அறிவேன். வெள்ளையனின் பயணக்குறிப்பு என்றாலே அது காலனியப் பார்வை, கீழைத்தேயவியல் கட்டமைப்பு, அதைத் தமிழில் கொண்டுவருவது அடிமைப்புத்தி. எட்வர்ட் செய்தின் நூல் 1978இல் வந்தது. அதன் பெயரைச் சொல்லியே ஒரு தலைமுறை எதையும் படிக்காமல் தப்பித்துக்கொண்டிருக்கிறது. செய்தே தம் ஆய்வில் ஜெர்மானியரைப் பெரிதும் ஒதுக்கிவைத்தார் என்பது இவர்களுக்கு ஒரு பொருட்டல்ல. அதிகாரியின் அறிக்கையும் மதபோதகரின் கடிதமும் கூலிச்சிப்பாயின் நினைவுக்குறிப்பும் ஒரே தராசில் நிற்பவை என்று நினைப்பது சோம்பேறித்தனமேயன்றிக் கோட்பாடல்ல.

அதற்காக யாக்கோபை ஒரு பாட்டாளி வீரராக்கித் தோளில் தூக்கிக்கொள்ளவும் நான் தயாரில்லை. அவர் கால்வைத்த பாண்டா தீவுகளில், 1621இல் பூர்வகுடிகளைக் கம்பெனி ஏறக்குறைய துடைத்தழித்திருந்தது. அதன்பின் சாதிக்காய்த் தோட்டங்களில் உழைத்தவர்கள் அடிமைகள். 1655–56இல் ஏறத்தாழ ஏழு மாதம் கொழும்பை முற்றுகையிட்டுப் பட்டினி போட்ட படையில் அவர் இருந்தார். இலவங்கப்பட்டைக்காக நடந்த போர் அது. போர்த்துக்கேயரை விரட்டக் கம்பெனியை அழைத்த கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனுக்குக் கடைசியில் கோட்டை கிடைக்கவில்லை. இஞ்சியைக் கொடுத்து மிளகாயை வாங்கிய கதை என்று சிங்களத்தில் இன்றும் சொல்கிறார்கள். 1658இல் அதே கம்பெனி யாழ்ப்பாணத்தையும் நாகப்பட்டினத்தையும் பிடித்தது. அடுத்த மூன்றாண்டுக்குள் தஞ்சைச் சீமையைப் பஞ்சம் தாக்கியபோது, சோழமண்டலத் துறைகளிலிருந்து ஆயிரக்கணக்கான தமிழர்களை அடிமைகளாக விலைக்கு வாங்கி இலங்கைக்கும் பத்தாவியாவுக்கும் கப்பலேற்றியது. யாக்கோபுக்கு ஒப்பந்தமாவது இருந்தது. அது முடிந்ததும் ஊர் திரும்பி அச்சகத்தைத் தேடிப்போக முடிந்தது. அந்தக் கப்பல்களின் அடித்தளத்தில் கிடந்தவர்களுக்கு ஒப்பந்தமும் இல்லை, திரும்புவழியும் இல்லை. அவர்களின் நூல் எந்த நியூரம்பர்க்கிலும் வெளிவரவில்லை.

ஆகவேதான் அவரைப் படிக்க வேண்டும் என்கிறேன். கொடுமையின் இயந்திரத்துக்குள் ஒரு பல்சக்கரமாக நின்றவன், தன்னையும் அது அரைப்பதை உணர்ந்துகொண்டே எழுதும்போது கிடைக்கும் சாட்சியம், மேலிருந்து எழுதுபவனிடமும் கிடைக்காது, தொலைவிலிருந்து இரங்குபவனிடமும் கிடைக்காது. தேயிலைத் தோட்டங்களின் கதையை நமக்குச் சொல்ல பி.எச். டேனியல் என்கிற மருத்துவர் வேண்டியிருந்தது. 1969இல் ஆங்கிலத்தில் வந்த அந்நாவல் இரா. முருகவேளின் ‘எரியும் பனிக்காடு’ ஆகத் தமிழுக்கு வர முப்பத்தெட்டு ஆண்டுகள் பிடித்தன. ஒரகடத்தின் கதையை எழுதப்போகிறவர் லைனில் நின்றவராகவே இருக்கலாம். அவர் ஒடியா மொழியிலோ போஜ்புரியிலோ எழுதவும் கூடும். அப்போது நாம் அதைப் ‘புலம்பெயர் பயண அனுபவம்’ என்று வகைப்படுத்தி அலமாரியில் ஏற்றிவிடுவோமோ என்பதே என் அச்சம்.

யாக்கோபின் இலங்கைப் பகுதிகளைக் கொழும்பின் ஜெர்மானிய வணிகரான ஃப்ராய்டன்பர்க் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே ஆங்கிலமாக்கி, அரச ஆசியக் கழகத்தின் இலங்கைக் கிளை இதழில் வெளியிட்டார். மூலத்துக்கோ அந்த மொழிபெயர்ப்புக்கோ இன்று பதிப்புரிமைச் சிக்கல் கிடையாது. ஹெஸ்ஸேக்கு இன்னொரு மொழிபெயர்ப்பைத் தொடங்கவிருக்கும் நண்பர்கள் ஓராண்டு அதைத் தள்ளிவைத்துவிட்டு இதை எடுத்துக்கொள்ளலாம். 1662ஆம் ஆண்டுப் பதிப்பையே எடுத்துக்கொள்ளுங்கள்; வூல்ஃபரின் குறிப்புகள் வேண்டாம். அட்டையில் ‘பதினைந்தாண்டுப் போர்ப்பணி’ என்றே இருக்கட்டும்.