மகா ஒதெல்லோ

ஷேக்ஸ்பியரின் ஒதெல்லோவை நேயர்கள் அறிவார்கள்; கம்பீரமான கரிய சேனாதிபதி. பிரேஸில் தேசத்து ஜனங்கள் ‘கிராந்தே ஒதெலோ’, அதாவது ‘மகா ஒதெல்லோ’ என்று கொண்டாடிய நடிகரோ சுமார் ஐந்தடி உயரமே இருந்தார்! ஆனால் பெயர் வந்த கதையில் பரிகாசம் இல்லை. சிறு பிராயத்தில் அவர் குரலைக் கேட்ட சங்கீத ஆசிரியர் ஒருவர், பெரியவனானதும் இவன் வெர்டியின் ‘ஒதெல்லோ’ இசை நாடகத்தில் பாடலாம் என்று எண்ணினாராம். முதலில் ‘சின்ன ஒதெல்லோ’ என்றார்கள். பிற்பாடு ஒரு நாடக முதலாளி விளம்பரத்தில் ‘மகா’ என்று போட்டுவிட்டார். விளம்பரங்களில் வரும் ‘மகா’க்கள் சாதாரணமாக ஒரு வாரம் நிற்கும், இது ஆயுள் முழுவதும் நின்றது.

செபஸ்தியாவோ பிராதா என்ற அந்தக் குழந்தை பிறந்தது 1915-ல். பிரேஸிலில் அடிமை முறை ஒழிந்தது 1888-ல்தான். இடையே இருபத்தேழே வருஷங்கள். சட்டம் விலங்கை அகற்றிவிட்டது. மேடையில் கறுப்பனுக்குக் கிடைத்த இடமோ வேலைக்காரன் வேஷமும் கோமாளி வேஷமுந்தான். 1926-ல் கறுப்பர்களே சேர்ந்து நடத்திய நாடகக் கம்பெனியில் சிறுவன் சேர்ந்தான். பிறகு ரியோ நகரம், உர்கா சூதாட்ட மாளிகையின் மேடை, சினிமா.

1942-ல் அமெரிக்க டைரக்டர் ஆர்ஸன் வெல்ஸ் படம் பிடிக்க ரியோவுக்கு வந்தபோது, அவரைக் கவர்ந்தவர்களில் ஒருவர் நம் குள்ளர். கம்பெனியார் ஆதரவை நிறுத்திக்கொண்டதால் அந்தப் படம் முற்றுப்பெறவில்லை. மறு வருஷம் ஒதெலோவின் சொந்த வாழ்க்கையைத் தழுவியே ‘மொலெக்கே தியாவோ’ என்ற படம் வெளிவந்தது. இன்று அதன் பிரதி கிடைப்பதாக இல்லை. என்ன துரதிர்ஷ்டம்!

ஜனங்களுக்கு அவரை மிகவும் நெருக்கமாக்கியவை ஆஸ்காரிதோ என்ற வெள்ளை விகடருடன் ஜோடி சேர்ந்த ஹாஸ்யப் படங்கள். 1949-ல் வந்த ஒன்றில் ஆஸ்காரிதோ ரோமியோ. ஒதெலோ பொன்னிறக் கூந்தலுடன் ஜூலியட்! கொட்டகைகள் அதிர்ந்தன. ஆயினும் ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். அந்தச் சிரிப்பில் ஒரு பகுதி கறுப்பு முகத்தையும் பொன்னிறக் கூந்தலையும் சேர்த்துப் பார்த்ததால் எழுந்தது. அதே வருஷத்தில் ‘நாமும் சகோதரர்களே’ என்ற பொருள்படும் படமொன்றில், வெள்ளையர் வீட்டில் வளர்ந்த இரு கறுப்புச் சகோதரர்களுள் வழி தவறியவனாக அவர் நடித்தார். நிற துவேஷத்தை நேருக்கு நேர் காட்டிய படம் அது. நம்மைக் கேட்டால், ஜூலியட்டைவிட இந்த வேஷமே அவருடைய தகுதியைக் காட்டுவது என்போம்.

1957-ல் ‘ரியோ, ஜோனா நோர்தே’ வந்தது. அதில் அவர் ஏழைப் பாடலாசிரியர். பாட்டு அவருடையது, பேரும் பணமும் பிறருக்கு. ரயிலிலிருந்து விழுந்து கிடக்கும் நிலையில் அவன் வாழ்க்கை நினைவுகளாக விரிகிறது. விகடம் அங்கே அடங்கிவிடுகிறது. கண்கள் மட்டும் பேசுகின்றன. 1969-ல் ‘மக்குநாயிமா’ படத்தில், ஐம்பது வயதைத் தாண்டியவர், அப்போதுதான் பிறந்த குழந்தையாகத் தரையில் விழுந்து அழுதார். மாயத்தால் வெள்ளையனாக மாறிய பிறகு அந்தக் கதாநாயகனாக நடித்தவர் வேறொருவர். இந்த ஏற்பாட்டின் குத்தலைப் பிரேஸில் ரஸிகர்களுக்கு விளக்க வேண்டியிருந்திராது.

1993 நவம்பரில் பிரான்ஸின் நாந்த் நகரத்துத் திரைப்பட விழாவில் அவரைக் கௌரவிக்க ஏற்பாடாகியிருந்தது. புறப்பட்டுப் போனவர் பாரிஸ் விமான நிலையத்திலேயே மாரடைப்பால் காலமானார்.